வண்டி இழுக்கவில்லையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ''2006-ம் ஆண்டு டீசல் பிக்கப் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டி. மூன்று மாதமாக இழுவை குறைந்துகொண்டே வருகிறது. வெறும் வண்டியாக ஓட்டும்போது தெரிவதில்லை. எண்பது பெட்டி ஏற்றினால், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது முதல் கியர் வேண்டியிருக்கிறது. இரண்டு முறை ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பட்டறையில் 'இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கணும், எண்பதாயிரம் ஆகும்' என்கிறார்கள். நகையை அடகு வைத்துச் செய்யலாமா, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?''

- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம், வண்டியையும் அவசரப்பட்டு விற்க வேண்டாம். முதலில் ஒரு நாள் ஒதுக்கி, செலவு அதிகம் இல்லாத இடங்களிலிருந்து பார்த்து வாருங்கள். பழைய வண்டி, இன்ஜின் தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் தேய்ந்திருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இலை மஞ்சளாகிறது என்று வருகிறவரிடம் 'அடியிலையா, கொழுந்தா?' என்றுதான் முதலில் கேட்போம். அடியிலையில் தொடங்கினால் தழைச்சத்துக் குறையா என்று பார்ப்போம். கொழுந்தில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையா என்று பார்ப்போம். வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள்தான். வண்டி இழுக்காததும் இதே போன்ற ஓர் அறிகுறி. டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும், டீசல் வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இழுவை குறையும். மூன்றும் சரியாக இருந்து, இன்ஜின் கொடுக்கும் சக்தி கிளட்சிலோ பிரேக்கிலோ வீணானாலும் வண்டி இழுக்காது.

அதனால்தான் கடிதம் வந்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகள் கேட்டேன். மற்ற வாசகர்களும் தங்கள் வண்டியில் பார்த்துக்கொள்ள வசதியாக, அவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள்

சுமை ஏற்றி மேடு ஏறும்போது பின்னால் ஒருவரை வரச்சொல்லி, சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

கரும்புகை தொடர்ந்து வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை; அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்த நொடியில் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெளிந்தால் பழைய வண்டியில் அது பெரிய விஷயமில்லை.

நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை வந்தால், டீசல் முழுதாக எரியாமல் வெளியேறலாம். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியலாம். தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால், இன்ஜினுக்குப் போதிய டீசல் போகவில்லை, அல்லது வண்டியை ஏதோ பிடித்து இழுக்கிறது. நீங்கள் சொன்னது இதைத்தான். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஆயில் குறைவதில்லை என்றும் சொன்னீர்கள். இன்ஜின் உள்ளே மோசமாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டும் அமையாது.

வண்டியைப் பிடித்து இழுப்பது எது?

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். பிறகு, அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகினாலும் பின் சக்கரங்களில் இப்படி ஆகும். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, சந்தேகப்படும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை, கருகல் வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு இன்ஜினைப் பிரித்துப் பயனில்லை.

ஆக்சிலேட்டர் முழுதாகத் திறக்கிறதா?

சொன்னால் சிரிப்பீர்கள். பல வருடங்களுக்கு முன் என் சொந்த வண்டி இழுக்காமல் போனபோது, டீசல் பம்பைக் கழற்றிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, கணிசமாகப் பணமும் கட்டி வாங்கி மாட்டினேன். வண்டி முன்போலவே இழுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ந்திருந்தது. பெடலை முழுக்க மிதித்தும் பம்பில் உள்ள லீவர் முக்கால் தூரம்தான் நகர்ந்திருக்கிறது.

இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். பம்ப் லீவர் அதன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று நீங்கள் பாருங்கள். பெடலுக்கு அடியில் மேட் மடிந்து தடுத்தாலும் இதே கதைதான். இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது.

காற்று வரும் வழி

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்கு அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சுமாராக இருந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்றடிக்கலாம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. தோட்டத்துப் பாதைப் புழுதி டர்போவையும் சிலிண்டரையும் அரித்துவிடும். வண்டி களத்து ஓரம் நிற்கிறதென்றால் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டர்போ உள்ள வண்டியில், டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ்களை அடிப்பக்கமும் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். வெடிப்பைச் சுற்றி ஆயில் ஈரமும் அழுக்கும் படிந்திருக்கும். சுமையில் 'உஸ்' என்று சத்தம் வரும். ஹோஸ் வெடித்தால் கரும்புகையும் சேர்ந்து வரும்.

டீசல் வரும் வழி

உங்களிடம் 'டீசல் எங்கே போடுகிறீர்கள்?' என்று கேட்டேன். 'பவர் டில்லருக்கு வாங்கி வைக்கிற பேரலிலிருந்தே ஊற்றிக்கொள்கிறேன்' என்றீர்கள். பேரலைத் தோட்டத்து ஷெட்டில் எட்டு மாதமாக வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். என் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

பாதி காலியான பேரலில், இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் முத்து முத்தாகப் படிந்து டீசலுக்கு அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கறுப்புக் கசடாகும். துருவும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் டீசல் ஃபில்டரில் போய் அடைக்கும். வெறும் வண்டிக்குக் கொஞ்சம் டீசல் போதும், ஓடிவிடும். சுமையில் மேடு ஏறும்போது கேட்கிற அளவு டீசல் அடைத்த ஃபில்டர் வழியாகப் போகாது.

ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டரை மாற்றிய பிறகு, மேலே உள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றுக் குமிழி நிற்கும் வரை வெளியேற்றுங்கள். டேங்கிலிருந்து டீசல் எடுக்கும் குழாயின் வலையையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மேடு ஏறி இழுவை குறைந்ததும் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி நன்றாக இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

எச்சரிக்கை: காமன் ரெயில் வகை இன்ஜின் என்றால், அது ஓடும்போது டீசல் குழாய் எதையும் தளர்த்தாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் இன்ஜின்

மேலே சொன்னதில் எதுவும் இல்லையென்றால் அடுத்து நாசில் சோதனை, டேப்பெட் இடைவெளி, பம்ப் டைமிங் என்று போங்கள். நாசில்களைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில் கொடுத்தால், தூவல் எப்படி இருக்கிறது என்று நம் கண்முன்னே காட்டுவார்கள்.

கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து, எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். வண்டிக் கம்பெனி சொல்லும் அளவைவிடக் குறைவாகவோ, ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாகவோ இருந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரிதான். இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அளக்காமல் பிரிக்கச் சொன்னால் 'கம்ப்ரஷன் பாத்துட்டுச் சொல்லுங்க' என்று கேளுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உங்கள் வண்டியில் கிடைத்தது

இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன் நீங்கள் மீண்டும் பேசினீர்கள். ஃபில்டருக்கு அடியில் பிடித்ததில் கால் பாட்டில் தண்ணீர். டேங்க் வலையில் கறுப்புக் கசடு. போதாததற்கு இடது பின் சக்கரம் கொதித்ததாகவும், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருந்ததாகவும் சொன்னீர்கள். டேங்கைக் கழுவி, ஃபில்டரையும் கேபிளையும் மாற்றிய பிறகு, எண்பது பெட்டியுடன் அதே மேட்டை மூன்றாவது கியரில் ஏறியது என்றீர்கள். 'ஆனாலும் வாங்கின புதுசுல இருந்த இழுவை இல்ல சார்' என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். தக்காளி சீசன் முடிந்ததும் நாசிலையும் கம்ப்ரஷனையும் பார்த்துவிடுங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பேரலை மட்டும் இன்றே மாற்றுங்கள். நிழலில், தரையில் படாமல், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். டீசல் எடுக்கும் குழாய் அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே நிற்கட்டும். பேரலை அசைத்தால் ஒரு நாள் தெளியவிட்டு எடுங்கள். மாதம் ஒரு முறை அடியில் தேங்குவதை வடித்துவிடுங்கள். பவர் டில்லரின் ஃபில்டரையும் மறந்துவிடாதீர்கள்; அதுவும் இதே டீசலைத்தான் குடித்திருக்கிறது.

வண்டி, பம்ப்செட், டில்லர் பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: புகை என்ன நிறம், சுமையில் மட்டுமா எப்போதுமா, கோளாறு தொடங்கும் முன் கடைசியாக எதை மாற்றினீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.