காகிதம் செய்யும் கைகள்

அறிவை ஏந்தி நிற்பது நூல். நூலை ஏந்தி நிற்பது காகிதம். நூலாசிரியரைப் போற்றுகிறோம், ஏடுகளைப் படியெடுத்தோரையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். காகிதம் செய்த கைகளையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய கைகள் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இன்றும் இயங்கி வருகின்றன. வழிவழியாக இத்தொழில் புரிந்துவரும் அவ்வூர் முஸ்லிம் குடியினருக்குத் தொழிலே பெயராயிற்று, அவர்கள் 'காகஸி'கள். 'காகஸ்' என்னும் பாரசீகச் சொல்லே நம் தமிழில் 'காகிதம்' என வழங்குகிறது.

பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகளை அடித்துக் கூழாக்கி, நீர்த் தொட்டியில் கலக்குகின்றனர். வலைச் சட்டத்தை அதனுள் அமிழ்த்திச் சமமாக உயர்த்த, நீர் வடிந்து இழைகள் பின்னித் தாளாகப் படிகின்றன. பின்னர் அழுத்தி, உலர்த்தி, பசையூட்டி மெருகேற்றுகின்றனர். கூழடிக்க இன்று இயந்திரம் உண்டு. எனினும், கையால் எடுக்கும் தாளின் கனம் எங்கும் ஒத்திருப்பது சட்டம் ஏந்தும் கையின் பயிற்சியாலேயே. இதனைக் கலை என்னாது வேறு என்னென்பது?

ஆலைக் காகிதத்தின் மலிவால் நலிந்த இத்தொழிலுக்கு, 1934இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் புத்துயிரூட்ட முனைந்தது. அச்சங்கத்தை முன்னின்று நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி.குமரப்பா. சாங்கானேரிலுள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கைக்காகிதம் விலை மிகுந்தது என்பர். உண்மையே. எளியோர் பிள்ளைகளின் கைக்கு நூல் வந்து சேர்ந்தது ஆலைக் காகிதத்தால் என்பதையும் மறுப்பதற்கில்லை. பாடநூலைக் கைக்காகிதத்தில் அச்சிடுமாறு நாம் வேண்டவில்லை. ஆனால், நெடுங்காலம் நிலைக்க வேண்டிய தாள்களும் உள்ளன அல்லவா? மரக்கூழால் ஆன செய்தித்தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்குகிறது. அமிலம் கலவாத பருத்திக் காகிதமோ தலைமுறைகள் கடந்தும் உறுதியோடு நிற்கிறது. வாழ்நாள் முழுதும் பேணவேண்டிய பாராட்டுச் சான்றிதழ், பரிசுப் பத்திரம், நன்கொடையாளர் பதிவேடு ஆகியவற்றையேனும் நம் கல்விக்கூடங்கள் கைக்காகிதத்தில் அமைக்கலாகாதா? இதற்கென வடநாடு செல்ல வேண்டுவதுமில்லை. அண்மையில் புதுச்சேரியிலும் கைக்காகிதம் செய்யப்படுகிறது.

வெறும் பாராட்டுரை கைவினைஞர் வீட்டு அடுப்பை எரிக்காது. தந்தையின் தொழில் சோறிட்டால்தான் மகன் அச்சட்டத்தைக் கையிலேந்துவான். காகிதத்தால் கல்வி பெற்ற நாம், ஆண்டுக்கு நூறு தாள்களாவது வாங்கி அக்கைகளுக்கு வேலை தருவோம். நன்றியுரைகளினும் அதுவே மேலான நன்றி.