வீட்டு ஃபயர்வாலுக்கு எந்த நெட்வொர்க் கார்டு?

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பார்த்தானாம். வீட்டில் தனியாக ஃபயர்வால் அமைப்பவர்களில் பலர் செய்வது இதைத்தான். பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். பிஎஃப்சென்ஸா, ஓபிஎன்சென்ஸா, ஐபிஃபயரா என்று ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று விதிகளை வரி வரியாக எழுதுகிறார்கள். கடைசியில் நெட்வொர்க் கார்டு என்று வரும்போது மட்டும், "எதுவானால் என்ன, எல்லாம் ஜிகாபிட்தானே" என்று கடையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி வருகிறார்கள்.

இது தப்பான சிக்கனம். எப்படி என்று பார்க்க, ஃபயர்வால் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபயர்வால் கணினிக்குக் குறைந்தது இரண்டு நெட்வொர்க் இணைப்புகள் தேவை. ஒன்று இணையத்தின் பக்கம், இன்னொன்று வீட்டின் பக்கம். வீட்டிலுள்ள எல்லாக் கணினி, போன், டிவி ஆகியவற்றின் தகவலும் ஒரு கார்டு வழியாக வந்து, சோதிக்கப்பட்டு, மறு கார்டு வழியாகப் போகிறது. சாதாரணக் கணினியில் கார்டு தகராறு செய்தால் அந்த ஒரு கணினிக்குத்தான் இணையம் போகும். ஃபயர்வாலில் தகராறு செய்தால் வீடு மொத்தத்துக்கும் போய்விடும்.

வேலைப் பளுவும் அப்படித்தான். ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால், நொடிக்குச் சுமார் 14.88 லட்சம் பாக்கெட்டுகள் வர முடியும். வீட்டில் இந்த அளவுக்கு வராதுதான். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கார்டு பிராசஸரை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதில்தான் நல்ல கார்டுக்கும் மட்டமான கார்டுக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது.

இதற்குச் சரியான உதாரணம் ரியல்டெக் 8139 என்ற சிப். 2000களில் மலிவான கார்டு என்று எதை வாங்கினாலும் அநேகமாக உள்ளே இதுதான் இருக்கும். வரும் பாக்கெட்டுகளை எல்லாம் இது ஒரே நீளமான இடத்தில் வரிசையாகக் கொட்டிவிடும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து உரிய இடத்தில் வைப்பது பிராசஸரின் தலையில் விழும். அனுப்பும்போதும் தகவல் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதையும் பிராசஸர்தான் பிரதி எடுத்துத் தர வேண்டும். ஒரே நேரத்தில் அனுப்பக் காத்திருக்கக்கூடிய பாக்கெட்டுகள் நான்கே நான்கு. ஃப்ரீபிஎஸ்டிக்காக இதற்கு டிரைவர் எழுதிய பில் பால், 'மட்டரகம்' என்ற சொல்லுக்கே இது புது அர்த்தம் கொடுத்துவிட்டது என்ற பொருளில், அந்த டிரைவரின் நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்தார்! அதே காலத்து இன்டெல் கார்டுகள், பாக்கெட்டை நேரடியாக உரிய இடத்தில் வைத்துவிட்டுப் பிராசஸருக்குத் தகவல் மட்டும் சொல்லின.

அப்படியானால் ரியல்டெக் என்றாலே மோசம், இன்டெல் என்றாலே சிறப்பு என்று முடித்துவிடலாமா? கூடாது. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் அரைகுறைச் சிக்கனத்தைப் போலவே ஆபத்தானது.

ரியல்டெக்கின் பிற்கால ஜிகாபிட் சிப்கள் 8139-ஐவிட எவ்வளவோ மேல். லினக்ஸில் அவை பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகின்றன. ஃப்ரீபிஎஸ்டியில்தான், பளு ஏறும்போது 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்ற செய்தியோடு கார்டு நின்றுபோவதாகப் பலர் புகார் சொன்னார்கள். ரியல்டெக்கின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவியதும் அவர்களில் பலருக்குப் பிரச்சினை தீர்ந்தது. சிப் அதேதான், டிரைவர்தான் வேறு. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி மேல் நிற்பவை, ஐபிஃபயர் லினக்ஸ் மேல் நிற்பது. ஆகவே ஒரே கார்டு ஒரு வீட்டில் நல்ல பெயரும் இன்னொரு வீட்டில் கெட்ட பெயரும் வாங்குவதில் வியப்பில்லை.

மறுபக்கம் இன்டெல்லைப் பாருங்கள். 2013-ல் இன்டெல் 82574எல் சிப் உள்ள சில மதர்போர்டுகளில் விசித்திரமான கோளாறு ஒன்று வெளிவந்தது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எண்ணைத் தாங்கிய ஒரே ஒரு பாக்கெட் வந்தால் போதும், நெட்வொர்க் இணைப்பு செத்துவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். மதர்போர்டு தயாரிப்பாளர் ஒருவர் சிப்பின் அமைப்புகளைத் தவறாகப் பதிந்ததே காரணம் என்று இன்டெல் விளக்கம் தந்தது. அடுத்து, 2.5 ஜிகாபிட் வேகத்துக்கான ஐ225 சிப். அதன் ஆரம்பப் பதிப்புகளில், சில சாதனங்களோடு இணைத்தபோது பாக்கெட்டுகள் தொலைந்தன. பி3 என்ற திருத்திய பதிப்பில் சரிசெய்தார்கள். பெட்டியின் மேல் இருந்த பெயர் என்னவோ ஒன்றுதான்!

போதாததற்கு, ஐ350 போன்ற நல்ல பெயர் எடுத்த கார்டுகளுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. புத்தம் புதியது, நான்கு போர்ட், ஆனால் விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்றால் சந்தேகப்பட வேண்டும்.

சரி, பிறகு எதைத்தான் பார்த்து வாங்குவது?

முதலில் ஃபயர்வால் மென்பொருளை முடிவு செய்யுங்கள், கார்டு அதற்குப் பிறகு. அந்த மென்பொருளின் அடியிலுள்ள இயங்குதளம் எந்தச் சிப்புக்கு நல்ல டிரைவர் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஐ210, ஐ350 போன்ற சிப்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் இரண்டிலும் பல வருடம் அடிபட்டுத் தேறிய டிரைவர்கள் இருக்கின்றன.

இரண்டாவது, அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டுச் சிப்பின் எண்ணையும் பதிப்பையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கார்டை விட்டுவிடலாம்.

மூன்றாவது, சொருகும் இடம். பழைய பிசிஐ ஸ்லாட்டுகள் எல்லாம் சேர்ந்தே நொடிக்கு 133 மெகாபைட்தான் தாங்கும். ஃபயர்வாலில் ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று இருமுறை அந்த வழியில் போகிறது. ஆக, பாதிதான் மிச்சம். அதாவது ஏட்டளவிலேயே சுமார் 530 மெகாபிட். இரண்டு ஜிகாபிட் கார்டு சொருகினாலும் இதே கதைதான். பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையிலேயே ஒரு தடத்துக்கு ஒவ்வொரு திசையிலும் 250 மெகாபைட் கிடைக்கிறது.

நான்காவது, யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்களை ஃபயர்வாலில் நிரந்தரமாக வைக்காதீர்கள். அவசரத்துக்கு உதவும். வருடம் முழுக்க இரவு பகலாக ஓட அது ஏற்றதல்ல.

ஐந்தாவது, பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் வசதிகளில் மயங்க வேண்டாம். பல பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது, பெரியதைத் துண்டாக்குவது போன்ற வசதிகள் தகவல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் உள்ள கணினிகளுக்கானவை. நடுவில் நின்று கடத்திவிடும் ஃபயர்வாலுக்கு அவை இடைஞ்சல். பிஎஃப்சென்ஸில் இவை இரண்டும் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இனி விலைக்கு வருவோம். மலிவான கார்டு 500 ரூபாய், நம்பகமான கார்டு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1,500. ஐந்து வருடம் உழைக்கும் என்று கொண்டு, வணிகவியல் முதலாண்டில் சொல்லித்தரும் நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால், கூடுதல் செலவு வருடத்துக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 25 ரூபாய். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் அசல் கார்டு கிடைத்தால் இன்னும் குறையும். மலிவான கார்டின் உண்மையான விலையோ ரசீதில் இருக்காது. பரீட்சைக்கு முந்தின இரவு இணையம் நின்று போவது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கூட்டம் பாதியில் அறுந்து போவது... இவற்றை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை ஃபயர்வால் தொங்கினால் வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். "இதைப் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை" என்பார்கள். யாராவது ஒருவர் கேபிளைப் பிடுங்கி, ஃபயர்வாலை விட்டுவிட்டு மோடமிலிருந்து நேராகச் சொருகிவிடுவார். தற்காலிகமாக என்றுதான் சொல்வார். அந்தத் தற்காலிகம் மாதக்கணக்கில் நீடிக்கும். வாரக்கணக்கில் எழுதிய விதிகள் எல்லாம் ஓரத்தில் கிடக்கும் ஒரு பெட்டிக்குள் தூங்கும். எந்தத் திருடனும் உடைக்காமலே வேலி விழுந்துவிட்டது!

பாதுகாப்பு என்பது வீட்டில் இருப்பவர்கள் சகித்துக்கொள்ளும் வரைதான் நிற்கும். நெட்வொர்க் கார்டு வாங்கும்போது வேகத்தைக் கடைசியில் கேளுங்கள். எந்தச் சிப், எந்தப் பதிப்பு, எந்த டிரைவர் என்பதை முதலில் கேளுங்கள். கையில் காசு இருந்தால் அதே கார்டில் இன்னொன்றையும் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.