'டேபிள்' பண்ணலாம்னா பேசலாமா, தள்ளிப்போடலாமா? குழப்பும் ஆங்கில வினைச்சொல்!

அமெரிக்க க்ளையன்ட்டுடன் மாலை 7 மணிக்கு கால். நடுவில் அவர், "இந்தப் பாயின்ட்டை டேபிள் பண்ணிடலாம்" என்கிறார். சென்னை டீம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதற்கு ஸ்லைடு தயார் செய்கிறது. மறுநாள் க்ளையன்ட் கேட்கிறார்: "இதை இப்போதைக்கு வேண்டாம்னுதானே சொன்னேன்?"

கற்பனைக் காட்சிதான். ஆனால், நடக்காது என்று சொல்லிவிட முடியாது. 'டேபிள்' என்ற வினைச்சொல்லுக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'விவாதத்துக்கு முன்வைப்பது' என்று பொருள். அமெரிக்காவில் அப்படியே உல்டா, 'ஒத்திவைப்பது'. நமக்குப் பழகியது பிரிட்டிஷ் வழி. நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை 'டேபிள்' செய்யப்பட்டது என்றால், தாக்கல் ஆனது என்றுதானே புரிந்துகொள்கிறோம்?

பெரிய ஆட்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசியபோது, ஒரு குறிப்பை உடனே விவாதிக்க நினைத்த பிரிட்டிஷ் தரப்பு அதை 'டேபிள்' பண்ணலாம் என்றது. முக்கியமான விஷயம், 'டேபிள்' பண்ணவே கூடாது என்றது அமெரிக்கத் தரப்பு. இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான் என்று புரிவதற்குள் நீண்ட நேரம் காரசாரமான வாக்குவாதமே நடந்துவிட்டதாக வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் இரு தரப்புக்கும் தாய்மொழி ஆங்கிலம்!

அப்படியிருக்க, அந்த சென்னை டீமைப் பார்த்து 'இங்கிலீஷ் தெரியல' என்பது அநியாயம். ஆனால், அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்று யாருக்கு எழுதப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'சாங்ஷன்' கூட இதே ரகம்தான். "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றால் வீட்டில் ஸ்வீட். ஒரு நாட்டை அமெரிக்கா 'சாங்ஷன்' செய்தால் பொருளாதாரத் தடை. ஆனால் வங்கியா, வெளியுறவா என்று இடமே காட்டிக்கொடுத்துவிடும். 'டேபிள்' அப்படியில்லை. இரண்டு அர்த்தமும் ஒரே மீட்டிங்கில் பொருந்தும். சிக்கலே அதுதான்.

இதில் வேடிக்கை, நம் ஊர் 'ப்ரீபோன்' கேலிக்கு ஆளாவது. மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பது என்ற ஒரே அர்த்தம், குழப்பமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. இந்திய டீமுக்குள் தாராளமாகச் சொல்லலாம்.

'டேபிள்' என்று காதில் விழுந்தால், "இப்பவே பேசணுமா, அப்புறமா?" என்று அதே காலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் மெயில் எழுதும்போது 'டிஸ்கஸ்' அல்லது 'போஸ்ட்போன்' போதும்.