படியளப்பது யார் கையால்?

தேர்வுக் கட்டணம் கட்ட மறுநாள் கடைசி நாள். என்னிடம் இருந்ததோ பாதிப் பணம். அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி, "தம்பி, சாப்பிட்டு ரெண்டு நாளாச்சுப்பா" என்றார்.

'நமக்கே இல்ல, இதுல தர்மம் வேறயா?' என்றது மனசு. அப்போது வடலூர் நினைவுக்கு வந்தது. 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கஜானாவை நிரப்பி வைத்துக்கொண்டா மூட்டினார்? ஆண்டவனை நம்பினார், பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள், ஊரார் கொடுத்த அரிசி உலையேறியது.

பாட்டிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வானத்திலிருந்து பணம் கொட்டவில்லை. விடுதி நண்பர்கள்தான் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டுக் கட்டணத்தைக் கட்டினார்கள்.

ஆண்டவன் படியளப்பது மனிதர் கையால்தான். 'அவன் பார்த்துக்குவான்' என்று சொல்லிவிட்டுக் கையை மூடிக்கொள்வது பக்தியல்ல, பயம். முதலில் நம் கையைத் திறப்போமே!