ஏழாம் வகுப்பிலேயே முடிந்துபோகிற கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மண்டபம் பிடித்து, மைக் கட்டி, அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் வந்து உட்காருகிற பெண்கள் ஏற்கெனவே தப்பித்தவர்கள். தப்பிக்காதவர்களை எனக்குத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினான்கு வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு பெண் கல்லூரிக்குப் போவாளா மாட்டாளா என்பது அந்த வயதில்தான் முடிவாகிறது. முடிவு செய்வது அவளும் இல்லை, நானும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பின்னக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். திடீரென்று இரண்டு வாரம் வரவில்லை. பிறகு பத்திரிகை வந்தது: பூப்புனித நீராட்டு விழா. போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ். பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாக அவள், சுற்றிலும் தாய்மாமன்கள். சீர்த்தட்டுகளை எண்ணி முடிக்க முடியவில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஐந்நூறு ரூபாய் மொய் எழுதினேன். கிளம்பும்போது அவள் அப்பா சொன்னார்: "எட்டாவது முடியட்டும் டீச்சர். அதுக்கு மேல பஸ் ஏத்தி அனுப்புறதுக்கு பயமா இருக்கு." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். விசேஷ வீட்டில் எதற்குப் பேச்சு என்று. அந்தத் தலையாட்டலுக்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு வேறு ஊர் போக வேண்டும். பையனுக்கு அது ஒரு டி.சி. வாங்குகிற வேலை. பெண்ணுக்கு வீட்டில் பஞ்சாயத்து. அந்த நேரம் பார்த்து மில் புரோக்கர் வருவார். எந்தத் தெருவில் எந்தப் பெண் எட்டாவது படிக்கிறாள், அந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்று வருடம் விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள் முன்பு. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வேறு. இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, வேன் மட்டும் வருகிறது. பெண் கல்வி பற்றி எழுதுகிற நாமோ கல்லூரி வாசலிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். முன்கூட்டியே தயாராவது எப்படி என்று அந்தப் புரோக்கரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. தாலிக்கு 8 கிராம் தங்கம் போய், கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்ததே ஒரு கூத்து. மாற்றியதற்குக் கைதட்டினேன். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். ஏழாவது படிக்கிறவள் வீட்டில் இன்னும் கிராம் கணக்குதான் ஓடுகிறது. மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. தம்பியைப் பணம் கட்டி மெட்ரிக்கில் சேர்த்துவிட்டு அக்காவை எங்களிடம் விடுகிறார்கள். அவளுக்குச் செலவு செய்வது வீண் என்று நினைத்ததாலேயே அவளுக்குக் கிடைத்த உரிமை இது. அப்படி ஒன்று இருப்பதை அவள் அம்மாவுக்கு யார் சொன்னார்கள்?

எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பெண்ணை நிறுத்தப் பார்க்கிற வீட்டில் அந்தப் பணம் பேசும். சாயங்காலம் பயிற்சி வைத்தேன். பையன்கள் வந்தார்கள். பெண்கள் தண்ணீர் பிடிக்கவும், உலை வைக்கவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் போய்விட்டார்கள். ஒருமுறை ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்து, கனவு காணுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் பிள்ளைகளிடம் கனவுக்குக் குறைச்சலே இல்லை ஐயா. அந்த ஒரு மணி நேரம்தான் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேராவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாக்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போகிறார்கள். அதனால் இரண்டு வருடமாக ஏழாம் வகுப்புப் பெண்களின் அப்பாக்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். மகளைத் திருத்தச் சொல்லிக் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவளுக்கு ஒரு மணி நேரம் விடுங்கள், அந்த வேலையை நீங்களோ மகனோ செய்யுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஒன்பதாவதுக்கு ஒரே தெருப் பெண்கள் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போக ஏற்பாடு செய்யுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். "டீச்சர் குடும்பத்தைப் பிரிக்குது" என்று டீக்கடையில் பேச்சு. சக ஆசிரியர் ஒருவர், முதலில் சிலபஸை முடியுங்கள் என்கிறார்.

அந்தப் பெண் இப்போது பத்தாவதில் இருக்க வேண்டும். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, கடந்து போன மில் வேனிலிருந்து கை காட்டினாள்.

இந்த வருடம் ஏழாவதில் 11 பெண்கள். போன ஞாயிறு வந்த அப்பாக்கள் 4 பேர். மீதி 7 வீடுகளுக்கும் இந்த வாரம் நானே போகிறேன். பத்திரிகை வருவதற்கு முன்னால்.