கைவிளக்கு: தூரமன்று, அகலமே தேவை!

பள்ளி விடுமுறை நெருங்கும்போது, முகாமுக்குக் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் மாணவர் கைகளுக்கு வந்து சேரும். அப்பட்டியலைக் கூர்ந்து படித்ததுண்டா? சட்டையின் நிறம் என்ன, காலுறை எத்தனை இணை, தட்டும் குவளையும் எந்த வகை என்பன வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால், இருட்டில் பிள்ளையின் காலடியைக் காக்க வேண்டிய பொருளுக்கு மட்டும் ஒரே சொல்: "கைவிளக்கு – 1". எத்தகைய விளக்கு? ஒளி குவிந்து பாய வேண்டுமா, விரிந்து பரவ வேண்டுமா? மழையில் நனைந்தால் எரியுமா? எத்தனை மணி நேரம் தாங்கும்? எதுவும் இல்லை!

இந்த வெற்றிடத்தை நிரப்புபவர்கள் விற்பனையாளர்களே. "10,000 லூமன்!", "ஒரு கிலோமீட்டர் பாயும்!" என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் குவிக்கிறார்கள். தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளியைக் கொடுத்து, "நம் பிள்ளைக்கு நல்லதாகவே இருக்கட்டும்" என்று பெற்றோர் அதை வாங்கிவிடுகின்றனர். அந்த நல்ல மனத்துக்குக் கிடைப்பதோ நம் மலைக்குச் சற்றும் பொருந்தாத விளக்கு.

ஏன் பொருந்தாது? பிரிஞ்சாங்கில் வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பிரிஞ்சாங் மலையின் உச்சி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதைச் சூழ்ந்திருக்கும் பாசிக்காடு ஆண்டு முழுவதும் மூடுபனியில் நனைந்தே வளர்கிறது. வழியெங்கும் புடைத்த வேர்கள், பாசி படர்ந்த கற்கள், கணுக்கால் வரை புதையும் சேறு. இத்தகைய வழியில் நடப்பவனுக்கு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மரம் தெரிந்து ஆவதென்ன? அடுத்த ஐந்து அடியும், அதன் இரு பக்கமும் தெரிய வேண்டும். அதுவே உயிர்காக்கும் ஒளி.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். வலிய ஒளிக்கற்றை அதன்மேல் பாயும்போது, ஒளியின் ஒரு பகுதி சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுகிறது. தாப்பா சாலையிலோ சிம்பாங் பூலாய் சாலையிலோ பனி இறங்கிய நேரத்தில் காரின் உயர் ஒளியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பனி விளக்குகளைக் காரின் கீழ்ப்பகுதியில், ஒளி அகன்று தாழ்ந்து விழும்படி பொருத்துவதன் காரணமும் இதுவே. காருக்குத் தெரிந்த உண்மை கைவிளக்கு வாங்கும் நமக்குத் தெரியாமல் போகலாமா?

பெட்டியில் உள்ள தூரக் கணக்கையும் சற்று ஆராய்வோம். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான எஃப்.எல்.1 என்னும் தரநிலை, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடத்தையே விளக்கின் தூரம் என்று வரையறுக்கிறது. அஃது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். ஆகவே, "200 மீட்டர்" என்றால், பனியில்லாத தெளிந்த காற்றில் 200 மீட்டருக்கு அப்பால் நிலவொளி அளவே விழும் என்று பொருள். 100 மீட்டர் எட்டுவதற்கு 2,500 கேண்டெலா போதும். 200 மீட்டருக்கோ 10,000 கேண்டெலா வேண்டும். தூரம் இருமடங்காக, ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்தச் செறிவைப் பெறுவதற்கு எளிய வழி, இருக்கும் ஒளியையே குறுக்கிக் குவிப்பது. குவிக்கக் குவிக்க நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு கண்ணைக் கூசும். காலடியும் பக்கமும் மேலும் இருண்டுபோகும். அகலத்தை விற்றுத் தூரத்தை வாங்குகிறோம் என்பதே இதன் உண்மை!

இனி லூமன் கணக்கு. லூமன் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி எங்கே விழுகிறது என்பதை அது சொல்லாது. மேற்சொன்ன தரநிலையின்படி, எரியும் நேரம் என்பதும் ஒளி தொடக்க அளவில் பத்து விழுக்காட்டுக்குக் குறையும் வரையிலான நேரமே. "12 மணி நேரம்" என்று எழுதியிருந்தால், அதில் பெரும்பகுதி மங்கல் ஒளியாகவும் இருக்கலாம். மின்கலத்திலும் ஏமாற்று உண்டு. 18650 எனப்படும் லித்தியம் மின்கலத்தின் உண்மையான கொள்ளளவு 3,500 மில்லியாம்பியர்-மணி அளவிலேயே நிற்கும். அதன்மேல் 9,900 என்று துணிந்து அச்சிடுபவனின் லூமன் எண்ணை மட்டும் நாம் நம்புவானேன்?

"மஞ்சள் ஒளி பனியைத் துளைக்குமே!" என்பார் சிலர். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எனவே எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதமாக இருக்கலாம். துளைக்கும் ஆற்றல் அதற்கில்லை.

"கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே!" என்பார் வேறு சிலர். அதன் ஒளி விரிந்தது என்பது உண்மை. ஆனால், அஃது ஒரு கையைச் சிறைப்பிடிக்கும். வழுக்கி விழும்போது வேரைப் பற்ற மறுகை மட்டுமே மிஞ்சும். உதவிக்கு அழைக்க வேண்டிய மின்கலத்தையே அது எரித்துத் தீர்ப்பது அதனினும் பெரிய கேடு.

தலைவிளக்கு இரு கைகளையும் விடுவிக்கும். நடைபயணத்துக்கு அதுவே சிறந்தது. எனினும், பனியில் அது கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் சிதறிய ஒளி நேரே கண்ணில் விழும். அப்போது அதைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் வழி தெளியும். எதிரே வருபவரின் முகத்தில் அதைப் பாய்ச்சுவதும் பெருந்தவறு. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; ஒரு நொடி வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். கூடாரத்துக்குள் மங்கிய சிவப்பு ஒளி போதுமானது.

தூர ஒளியே வேண்டாம் என்று வாதிடவில்லை. காணாமற்போனவரைத் தேடும் குழுவுக்கும், திறந்த வெளியில் நிற்போருக்கும் அது வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பைக்குள் அதற்கு என்ன வேலை?

பகலில் நடப்போருக்கும் ஒரு சொல். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பிற்பகலில் தானா ராத்தாவுக்கு அருகில் தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து வெளியே சென்றார், திரும்பவில்லை. காவல்துறையினரும் படைவீரரும் பூர்வகுடியினரும் தேடியும் தடயம் கிட்டவில்லை. அவருக்கு நேர்ந்தது என்னவென்று இன்றுவரை தெரியாது. ஆயினும், நம் காடு எத்தகையது என்பதை அத்தேடல் சொல்கிறது. இங்கே கதிரவன் ஏழு மணியளவில் மறையும். மரங்களின் கீழ் அதற்கு முன்பே இருட்டிவிடும். பிற்பகலில் ஜாசார் மலைக்குச் செல்பவரின் பையிலும் விளக்கு இருக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, பட்டியலின் அந்த ஒரு வரியை இப்படி எழுதினால் என்ன? "விரிந்த ஒளி தரும் தலைவிளக்கு – 1, 100 முதல் 200 லூமன் போதும், மங்கல் ஒளி நிலை இருத்தல் வேண்டும், மழையைத் தாங்க ஐ.பி.எக்ஸ்.4 தரமேனும் வேண்டும். மாற்று மின்கலம் ஒரு தொகுதி. ஊதல் – 1." ஊதல் எதற்கு என்று கேட்பீர்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கோரும் பன்னாட்டு முறை. ஒளி தடுக்கப்படும் பனியிலும் ஒலி சென்று சேரும்.

பெற்றோர்களே, வாங்கும் முன் கடையின் இருண்ட மூலையில் விளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். பொட்டு விழுந்தால் வைத்துவிடுங்கள். பாய் விரித்தாற்போல ஒளி பரவினால் வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணைவிட இந்தச் சோதனை நம்பத்தக்கது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.