பட்டப்பெயரும் பரியாசமும்



அர்ஜென்டினா நாட்டுக் கால்பந்தாட்டக்காரருள் பட்டப்பெயர் பெறாதவர் அரிது. சிறுவயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைவுக்குச் சிகிச்சை பெற்ற லயோனல் மெஸ்ஸியைத் 'தெள்ளுப்பூச்சி' என்றார்கள். மெலிந்த தேகமுடைய ஆங்கேல் டி மரியாவுக்குச் 'சேமியா' என்று பெயர். ஏரியல் ஒர்த்தேகா 'கழுதைக்குட்டி' ஆனார். நண்பரைக் 'குண்டன்', 'ஒல்லியன்' என்றழைப்பதும் அங்கே அன்றாட வழக்கம். புறத்தாருக்கு நிந்தையாகத் தோன்றுவது அவர்களுக்குள் உரிமையின் அடையாளம். 2021ஆம் ஆண்டு கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தில் பிரேசிலை வீழ்த்திய ஒரே கோலை அடித்தவர் அந்தச் 'சேமியா'தான்!

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2024 ஜூலையில் அதே கோப்பையை மீண்டும் வென்றபின், அணியினர் பேருந்தில் பாடியதை என்சோ ஃபெர்னாண்டஸ் நேரலையில் வெளியிட்டார். பிரான்சு ஆட்டக்காரரின் ஆப்பிரிக்க வம்சாவளியை இழிவாகப் பேசிய பாடல் அது. அவருடைய செல்சீ கிளப்பிலோ பிரான்சு நாட்டுச் சக ஆட்டக்காரர் பலர் இருந்தனர். அவர் மன்னிப்புக் கேட்டார். எனினும், அது வெறும் விளையாட்டுக் கேலியே என்று வாதிட்டோரும் உண்டு.

அவ்வாதத்தை நாம் ஏற்கலாகாது. 'சேமியா' என்றழைக்கப்பட்டவர் அதே பேருந்தில் அமர்ந்து பதிலுக்குக் கேலி செய்யக் கூடியவர். பாடலில் இகழப்பட்டவர்களோ அங்கே இல்லை. இகழப்பட்டதும் அவர்களுடைய பிறப்பு.

நம் ஆண்டவரும் பட்டப்பெயர் இட்டவரே. செபெதேயுவின் குமாரர் இருவருக்கும் பொவனெர்கேஸ், அதாவது இடிமுழக்க மக்கள், என்று பெயரிட்டதை மாற்கு 3:17இல் காண்கிறோம். அவர்களைத் தமக்கு மிக அருகிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் அதே இருவர் சமாரியர் கிராமத்தை வானத்து அக்கினியால் அழிக்க விரும்பியபோது, அவர்களைக் கடிந்துகொண்டார். தம்முடையவர்களோடு கொண்ட நெருக்கம், புறத்தாரைப் பகைக்க அவர்களுக்கு உரிமை அளிக்கவில்லை.

பிரியமானவர்களே, நம் சபையிலும் வாலிபர் கூடுகையிலும் பாடகர் குழுவிலும் பட்டப்பெயர்கள் உலவுகின்றன. அவற்றை முற்றிலும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நகைப்பில்லாத ஐக்கியம் வறண்டுபோகும். ஆனால் நிறத்தையும் திக்குவாயையும் குடும்பப் பிறப்பையும் சுட்டும் பெயர் எதுவும் தேவனுடைய வீட்டில் ஒலிக்கலாகாது. மற்றப் பெயர்களுக்கு ஒரு சோதனை உண்டு: நீங்கள் அழைக்கும் அந்த மனிதர் அதே உரிமையோடு உங்களையும் கேலி செய்ய முடியுமா? முடியாதெனில் அது நட்பு அன்று, பரியாசமே. உடன் சிரிக்கிறவர் எல்லாரும் சம்மதித்தவர் அல்லர். தனித்து விடப்படுவோம் என்னும் அச்சத்தால் சிரிப்பவரும் உண்டு. மூத்தோர் அருகிருந்து புன்னகைத்தால் அந்த அச்சம் இரட்டிப்பாகும்.

இந்த வாரம் அப்படி ஒருவரைத் தனியே சந்தித்து, "இப்பெயர் உமக்கு வருத்தம் தருகிறதா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், அன்றே அப்பெயரை விட்டுவிட்டு, அவருடைய சொந்தப் பெயரால் அழையுங்கள்.

நம் நாவைக் கர்த்தர் காத்தருள்வாராக. ஆமென்.